கச்சோராவிலிருந்து, மேயருடன்

கச்சோராவில் முதலில் விழிப்பது
வயலில் சோம்பு வாசம்.
பிறகு நாய்கள்.
பிறகு ரொட்டிக்காரி ஃபோர்த்துனாத்தாவின் தகரக் கதவு.
நான்காவதாக நான்:
கையில் ஒரு கயிறு, பல்லில் ஒரு கயிறு,
அசைய மறுக்கும் ஒரு கோவேறு கழுதை.

அதன் பெயர் மேயர்.
நிறையத் தின்னும். யாரைக் கண்டாலும் தலையாட்டும்.
வேலை என்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.
பெயர் வைத்தவன் என் தம்பி.
அவன் லீமாவுக்குப் பஸ் ஓட்டப் போனான்,
மேயர் என் பங்குக்கு வந்தது.

இம்முறை வந்தவர் யோஸ்ட்.
கடலைவிடத் தாழ்ந்த ஊர்க்காரர்.
எங்கள் ஊரில் உயரமான இடம் ஒரு பாலம்தான்
என்று சொல்லிச் சிரித்தார்.
கப்புலியோக் முனையில் நிறுத்திக்
கீழே ஆறு கிடக்கும் ஆழத்தைக் காட்டினேன்.
சிரிப்பு நின்றது.
மூன்று கோக்கா இலையை விசிறிபோல் விரித்து
ஒரு கல்லின் அடியில் வைத்தேன்.
அவரும் எதையாவது வைக்க வேண்டுமே என்று தேடி
பையிலிருந்து ஒரு மிட்டாய் வைத்தார்.
எறும்புக்குப் போகும். பரவாயில்லை.

நூல் மாதிரித் தெரிவதுதான் அப்புரிமாக்.
பேசும் தெய்வம் என்று அர்த்தம்.
என்ன பேசும் என்றார்.
மழைக்காலத்தில் கத்தும், மற்ற நாளில் முணுமுணுக்கும்,
என் மாமியார் மாதிரி என்று சொல்ல வந்து விழுங்கினேன்.
முதல் நாளே குடும்பக் கதை கூடாது.

எதிர்மலையின் தோளில், மேகம் விலகினால்,
நகமளவு ஒரு பச்சை வெட்டு.
அதுதான்.
கழுகுக்குக் கால்மணி நேரம்.
நமக்கு இரண்டு நாள்,
முழங்கால் கெஞ்சக் கெஞ்ச இறங்கி
முழங்கால் திட்டத் திட்ட ஏறி.

கம்பிவண்டி வரப்போகிறது என்று ஊரில் பேச்சு.
எனக்குக் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து
வரப்போகிறது.

ஆற்றங்கரையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்
யோஸ்டின் கணுக்காலை எழுத்துக்கூட்டிப் படித்தன.
பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருடம்
கம்பியில் கூண்டு கட்டி மனிதர்கள் போனோம், மூட்டைகள் போயின.
கழுதைகள் கரையில் நின்று
நாங்கள் ஆகாயத்தில் ஆடுவதைப் பார்த்தன.
அன்று மட்டும் மேயர் தலையாட்டவில்லை.

இரவு மரம்பாத்தாவில் கூடாரம்.
சூப்பில் உப்பு கூடிவிட்டது.
நன்றாயிருக்கிறது என்றார்.
பொய்க்கு நன்றி என்றேன், கெச்சுவாவில்.

சோக்கேகிராவ். பொன் தொட்டில்.
பொன்னும் இல்லை, பிள்ளையும் இல்லை.
கூரை போன வீடுகள்,
பாதி மலையை இன்னும் கைவிடாத காடு,
கல்லுக்குள் ஓடும் வாய்க்கால்.
அதன் சாய்வை விரலால் தடவிப் பார்ப்பேன், ஒவ்வொரு முறையும்.
என் வயலில் எனக்கு வராத சாய்வு.

இறங்கிப் போனால் படிவயல்கள்.
கருஞ்சுவரில் வெள்ளைக்கல் பதித்த லாமாக்கள்
ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுகின்றன.
ஒன்றின் காலடியில் குட்டி.
இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியவன்
ராஜாவை விட்டுவிட்டு
சுமை தூக்கியதைப் பதித்திருக்கிறான்.
இதை மேயரிடம் சொல்லியிருக்கிறேன்.

யோஸ்ட் படம் எடுத்தார்.
கொஞ்சம் தள்ளச் சொன்னார், தள்ளினேன்.
இன்னும் கொஞ்சம் என்றார்.
முதுகில் சுவர் இடித்தது.

பிறகு கருவியை மூடி, தாழ்ந்த குரலில் கேட்டார்:
இங்கே இருந்தவர்கள் எல்லாம்
எங்கே போனார்கள்?

நான் குனிந்து
என் டயர் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
சந்தைக்கு என்றேன்.

சிரித்தார்.
கொஞ்ச நேரம் கழித்து என் காலைப் பார்த்தார்,
முகத்தைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
வெயில் கடுமை, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

திரும்பும் ஏற்றத்தில் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.
மேயரின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.
அது அனுமதித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை நான்கு பேர் வருகிறார்களாம்.
இடது முன்காலுக்கு லாடம் மாற்ற வேண்டும்.